நன்றியும் நடுவுநிலைமையும்

மலேசியத் திருநாட்டின் பகாங் மாநிலத்தில், நடு மலைத்தொடரின் முதுகில் அமைந்தது கேமரன் மலை. 1885ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மேட்டு நிலத்தைக் கண்டு குறிப்பெழுதினார். அவர் பெயரே மலைக்கு வாய்த்தது. 1929இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அதனையடுத்துச் சரிவுகள்தோறும் தோட்டங்கள் எழுந்தன. காடு வெட்டவும் கன்று நடவும் கொழுந்து கொய்யவும் தமிழர் மலையேறினர். மலையின் வடபகுதியிலுள்ள கம்போங் ராஜாவும் தோட்டப்புறத்தைச் சார்ந்து வளர்ந்த சிற்றூரே. அதனருகே புளூவேலித் தேயிலைத் தோட்டம் உள்ளது. இன்று மலைத் தோட்டங்களில் கொழுந்து கொய்வோருள் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர். தமிழ்க் குடும்பங்கள் பல காய்கறிப் பயிருக்கும் நகர வேலைக்கும் மாறிவிட்டன. எனினும் தமிழ் ஒலி இம்மலையை விட்டு நீங்கிவிடவில்லை.

தோட்டத்துத் தமிழருள் பெரும்பாலோர் மாரியம்மனையும் முருகனையும் வழிபடுவோர். கிறிஸ்தவர் என்றுமே சிறுபான்மையினர். சிறு சபைக்குத் தனியானதோர் இடர்ப்பாடு உண்டு. குருவானவர் தொலைவிலுள்ள நகரத்திலிருந்து இடையிட்டு வருபவர். இடைப்பட்ட நாள்களில் எவர் வேதப்புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மலையேறி வந்தாலும், அவருக்கு ஒரு வீட்டில் பாயும் தேநீரும் கிடைக்கும். வந்தவர் நோயுற்ற குழந்தையின் தலைமேல் கைவைத்துச் செபிக்கிறார்; காய்ச்சல் தணிகிறது. அன்றுமுதல் அவ்வீட்டார் அவருக்குக் கடமைப்பட்டவராகிவிடுகின்றனர். அடுத்த முறை அவர் வந்து, உலகம் இன்ன நாளில் முடியும் என்றோ, பத்து வெள்ளி காணிக்கை கொடுத்தால் நூறு வெள்ளியாய்த் திரும்பும் என்றோ போதித்தால், அதனை மறுத்துக் கேட்க அவ்வீட்டாருக்கு நா எழுமா?

கள்ளப்போதகத்துக்கு நன்றியுள்ள நெஞ்சமே காப்பு என்பது கிறிஸ்தவப் பெரியோர் வழிவழியாகக் கூறிவரும் அறிவுரை. அறிவுரை மெய்யே. ஆயினும் மேலே கண்ட வீட்டாரின் வாயை அடைத்ததும் நன்றியன்றி வேறன்று. ஆகவே, எந்த நன்றி காக்கும், எந்த நன்றி கவிழ்க்கும் என்னும் வினா எழுகின்றது. தமிழ்ச் சீர்திருத்தக் கிறிஸ்தவத்தின் முந்நூறாண்டு வரலாறு இவ்வினாவுக்கு விடை தரவல்லது. அவ்வரலாற்றினுள் புகுமுன் தமிழ் மரபு இதுபற்றிக் கொண்ட கருத்தை நோக்குதல் முறையாகும்.

திருக்குறளில் பதினோராம் அதிகாரம் செய்ந்நன்றியறிதல். அதனை அடுத்து நிற்கும் பன்னிரண்டாம் அதிகாரம் நடுவுநிலைமை. இவ்வைப்பு முறைக்குப் பரிமேலழகர் காட்டும் காரணம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை, சொல்லப்படவேண்டியது. ஒருவன் தனக்கு நன்மை செய்தாரிடத்து அந்நன்மையை நினைக்கும்போது அவனது நடுவுநிலைமை சிதையக்கூடும். அங்கேயும் அது சிதைதல் ஆகாது. இதனை உணர்த்தவே நன்றியறிதலின் பின் நடுவுநிலைமை வைக்கப்பட்டது என்பது அவ்வுரையாசிரியர் கருத்து. நன்றியை மறப்பது தீது எனச் சொல்லி முடித்த கையோடு, நன்றியே தராசை ஒருபுறம் சாய்த்துவிடும் என்று எச்சரிக்கும் நூல் உலகில் அரிது.

சாய்ந்த தராசுக்குத் தமிழர் அறிந்த சான்று கர்ணன். செஞ்சோற்றுக் கடன் என்னும் சொல்லைக் கேட்டவுடன் அவன் பெயரே நினைவுக்கு வரும். துரியோதனன் பக்கம் அறமில்லை என்பதை அறிந்தே அவன் அப்பக்கம் நின்றான். உண்ட சோறு அவனைக் கட்டியது. தெருக்கூத்தில் கர்ண மோட்சம் ஆடும் இரவில் அவனுக்காக அழாத கண் இல்லை. அழுவது தகும். ஆனால் அவன் வழியைப் பின்பற்றத் தகும் என்று எந்தப் பெரியோரும் கூறவில்லை.

கிறிஸ்தவ மறையிலும் இவ்விரு கூறுகளும் தொடக்கத்திலிருந்தே உள்ளன. பவுல் அப்போஸ்தலர் உரோமருக்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரத்தில், மனிதரின் சிந்தை வீணாய்ப் போனதற்கு மூலம் எது என்று ஆராய்கிறார். கடவுளை அறிந்திருந்தும் அவருக்கு நன்றி செலுத்தாமையே மூலம் என்பது அவர் முடிபு. கொலோசெயருக்கு எழுதும்போது, நன்றியறிதலில் பெருகுங்கள் என்று சொன்ன அடுத்த வாக்கியத்திலேயே, வெறுந் தத்துவத்தால் எவரும் உங்களைக் கொள்ளைகொண்டு போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள் என எச்சரிக்கிறார். தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில் இது இன்னும் வெளிப்படை. திருமணத்தைத் தடுத்து, உணவுகளை விலக்கச் சொல்லும் போதகர் சிலரை அங்கே அவர் குறிக்கிறார். கடவுள் படைத்தவை நன்றியோடு பெற்றுக்கொள்ளப்படுவதற்கே உரியவை என்பது அவர்களுக்குரிய மறுமொழி. நன்றி இங்கே நற்பண்பாக மட்டும் நிற்கவில்லை. போதனையை உரைத்துப் பார்க்கும் உரைகல்லாகவும் நிற்கின்றது.

அவ்வுரைகல்லை இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் வலிமையாகக் கையாண்டவர் லியோன் நகரத்துப் பேராயர் இரேனேயு. அக்காலத்தில் மார்சியன் முதலானோர், இவ்வுலகைப் படைத்த கடவுள் வேறு, இயேசு கிறிஸ்துவின் தந்தை வேறு என்று போதித்து வந்தனர். மார்சியன் 144ஆம் ஆண்டில் உரோமாபுரிச் சபையிலிருந்து நீக்கப்பட்டார். வேறு சிலர் பருப்பொருள் அனைத்தும் இழிந்தது என்றனர். இரேனேயுவின் வினா எளிது. அப்பமும் திராட்சரசமும் மண்ணில் விளைந்தவை. மண் வேறொருவனுக்குச் சொந்தமாயின், அல்லது இழிந்ததாயின், அவற்றை ஏந்திப் பிதாவுக்கு எப்படி நன்றி சொல்வீர்கள்? பிறன் பொருளை எடுத்து நன்றிக் காணிக்கை படைப்பாருண்டோ? நூல் பல எழுதித் தர்க்கித்த அப்பெரியார், சபையார் வாரந்தோறும் செய்யும் ஒரு செயலையே சான்றாக நிறுத்தினார் என்பது கருதற்குரியது.

அச்செயலின் கிரேக்கப் பெயர் யூகாரிஸ்தியா. நன்றி கூறல் என்பதே அதன் நேர்ப்பொருள். தமிழில் கத்தோலிக்கர் அதனை நற்கருணை என்பர். சீர்திருத்தச் சபையார் திருவிருந்து என்றும் இராப்போசனம் என்றும் வழங்குவர். நற்கருணை கொடுப்பவன் குணத்தைச் சொல்கிறது. திருவிருந்து கொடுக்கப்பட்டதைச் சொல்கிறது. பெறுபவன் செய்ய வேண்டியதைச் சொல்லும் பழைய பொருள் மூன்று பெயரிலும் வெளிப்படவில்லை. அதற்கு ஈடுசெய்வதுபோல ஸ்தோத்திரம் என்னும் சொல் தமிழ்க் கிறிஸ்தவர் நாவில் நிலைத்துவிட்டது. வணக்கம் சொல்லவும் ஸ்தோத்திரம், விடைபெறவும் ஸ்தோத்திரம், பிரசங்கியார் மூச்சு வாங்கவும் ஸ்தோத்திரம் என்று அது தேய்ந்துபோனது வேறு கதை.

இனி, ஊர் ஊராய்த் திரியும் போதகரை எப்படிச் சோதிப்பது என்பதற்குத் திருச்சபையின் மிகப் பழைய கையேடு ஒன்று உண்டு. பன்னிருவர் போதனை எனப்படும் அச்சிறு நூல் முதலாம் நூற்றாண்டின் இறுதியையோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சார்ந்தது. பல நூற்றாண்டுகள் பெயரளவில் மட்டுமே அறியப்பட்டிருந்த அதன் கிரேக்கப் படியை 1873இல் பிலோத்தேயோஸ் பிரியென்னியோஸ் என்பவர் கான்ஸ்தாந்திநோபிளில் கண்டெடுத்து 1883இல் அச்சிட்டார். ஒன்பது, பத்தாம் அதிகாரங்கள் நன்றி மன்றாட்டுகள். பதினோராம் அதிகாரம் போதகரைச் சோதிக்கும் விதிகள். குறளில் கண்ட வைப்பு முறைக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை வியப்புக்குரியது. முதலில் நன்றி, உடனே சோதனை.

விதிகள் ஏட்டறிவு தேவைப்படாதவை. வருபவரை ஆண்டவரைப்போல் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒருநாள் தங்கலாம், தேவையாயின் மறுநாளும் தங்கலாம், மூன்றாம் நாளும் தங்கினால் அவர் பொய்யர். புறப்படும்போது அடுத்த தங்குமிடம் வரைக்கும் வேண்டிய அப்பம் தவிர வேறொன்றும் கொள்ளாதிருக்கட்டும். பணம் கேட்டால் அவர் பொய்யர். ஆவியில் நின்று ஒரு விருந்துக்கு ஆணையிட்டுவிட்டு அவரே அதில் அமர்ந்து உண்டால் அவர் பொய்யர். ஆனால் இல்லாத பிறருக்காகக் கேட்டால் அவரைக் குறைகூற வேண்டா. தேநீர் கொடுக்காதே என்று இந்நூல் சொல்லவில்லை. கொடுத்த பின் கண்ணைத் திறந்து வைத்திரு என்கிறது. தோட்டத்து லயத்தில் எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டியும் இவ்விதிகளைக் கொண்டு சோதிக்கமுடியும்.

தமிழகத்தில் சீர்திருத்தச் சபையின் வரலாறு 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியதிலிருந்து தொடங்குகின்றது. 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறி முடிந்தது. வந்தவர் வேற்று நாட்டவர். கொண்டுவந்தது எழுத்தும் பள்ளியும் மருந்தும். பெற்றவர் நன்றி பாராட்டியது இயல்பு. அந்த நன்றி எந்தெந்த வடிவம் கொண்டது என்பதைத் தஞ்சையில் தெளிவாகக் காணலாம்.

1798இல் மறைந்த ஷ்வார்ட்ஸ் ஐயர், தஞ்சை அரசிளங்குமரன் சரபோஜிக்குக் காப்பாளராயிருந்து கல்வி அளித்தவர். அரியணை உரிமைக்காக வழக்காடித் துணைநின்றவர். அரசரான பின் சரபோஜி அவருக்குச் சிற்பி பிளாக்ஸ்மன் கையால் பளிங்கு நினைவுச் சின்னம் செய்வித்துத் தஞ்சைத் தேவாலயத்தில் வைத்தார். தந்தை எனப் போற்றினார். ஆயினும் தம் முன்னோர் சமயத்திலேயே இறுதிவரை நின்றார். நன்றி நன்றியாகவே நின்றது. சமயம் அதற்கு விலையாகவில்லை. சிலர் இதனை மிஷனரியின் தோல்வி என எழுதினர். பரிமேலழகர் கண்டிருந்தால் வேறுவிதமாக எழுதியிருப்பார்.

அதே ஷ்வார்ட்ஸ் ஐயர் திருநெல்வேலியிலிருந்து அழைத்துவந்து வளர்த்த மற்றொரு சிறுவன் 1774இல் பிறந்த வேதநாயகம்; பிற்காலத்தில் வேதநாயக சாஸ்திரியார் எனப் புகழ்பெற்ற புலவர். பெத்லகேம் குறவஞ்சி முதலாய அவர் நூல்களைத் தமிழ்க் கிறிஸ்தவர் மறக்க மாட்டார். 1820களில் இளைய மிஷனரிமார் சிலர் புதிய முறைகளைக் கொணர்ந்தபோது சாஸ்திரியார் கடுமையாக எதிர்த்தார். வேத மொழிபெயர்ப்பை மாற்றுதல், சாதி வேற்றுமையின்றிக் கலந்தமரச் செய்தல், விழாக்களில் பூமாலையை விலக்குதல், தமிழ்ப்பாட்டை ஒதுக்குதல் ஆகிய நான்கும் அவருக்குக் கொடுமைகளாகத் தோன்றின. பழைய குருமார் காட்டிய வழி இதுவன்று என்பதே அவர் வாதத்தின் உயிர்நாடி.

அவருடைய நன்றி மாசற்றது. ஆனால் நான்கையும் ஒரே தராசில் நிறுத்தது பிழை. பாட்டையும் மாலையையும் காத்துநின்றதில் அவர் வென்றார் என்றே காலம் தீர்ப்பளித்தது. அவர் மரபிலே வந்த கீர்த்தனைகளைத் தமிழ்ச் சபைகள் இன்றும் பாடுகின்றன. சாதி வரிசையில் அமர்வதற்கும் அப்பழைய குருமாரின் பெயரையே கேடயமாகப் பிடித்தாரே, அங்கேதான் நடுவுநிலைமை சிதைந்தது. ஒரே பந்தியில் ஒரே கிண்ணத்தில் நன்றி கூற மறுப்பவன் எந்த நன்றியைக் காக்கின்றான்? 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபையில் சாதி வேற்றுமைக்கு இடமில்லை எனக் கடிதம் விடுத்தார். தஞ்சையில் பலர் அதனை ஏற்காது பிரிந்து சென்றனர். மனிதர் செய்த போதனைப் பிழைகளில் எல்லாம் நீண்ட ஆயுள் உடையது சாதி. அது கடல் கடந்தும் வந்தது என்பதைத் தோட்டப்புற வரலாறு அறிந்தோர் மறுக்கார்.

திருநெல்வேலியில் 1820 முதல் உழைத்த இரேனியுஸ் ஐயர் பூமி சாஸ்திரம் எழுதியவர். ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்கள் குடியேற நிலம் வாங்க 1830இல் தர்ம சங்கம் கண்டவர். குருப்பட்டம் அளிக்கும் முறை பற்றிய கருத்து வேறுபாட்டால் 1835இல் அவரது சங்கத்தார் அவரை நீக்கினர். அவர் ஆற்காட்டுப் பக்கம் போனார், உபதேசிமார் கடிதமெழுதித் திரும்ப அழைத்தனர், சபை இரண்டாயிற்று. 1838இல் அவர் இறந்தபின் பிளவு ஆறியது. இங்கே கள்ளப்போதகம் என்று எதுவும் இல்லை. ஒரு மனிதர்மேல் வைத்த நன்றி சபையின் எல்லையாகவே மாறிவிடக்கூடும் என்பதற்கு மட்டும் இதனைச் சான்றாகக் கொள்ளலாம்.

நாசரேத்து அருகே நிகழ்ந்தது வேறு வகை. அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளை மிஷன் பள்ளியில் கற்றுத் தேர்ந்தவர். அம்மிஷனாலேயே வேலைநீக்கம் பெற்றவர். 1849இல் கால்டுவெல் வெளியிட்ட நூலொன்று நாடார் மக்களை இழிவாகச் சித்திரித்தது என்னும் கொதிப்பும் சேர்ந்துகொண்டது. 1857இல் சட்டாம்பிள்ளையும் அவரைச் சார்ந்தோரும் பிரகாசபுரத்தில் வெள்ளையர் தொடர்பற்ற தனிச்சபை கண்டனர். சனிக்கிழமையே ஓய்வுநாளாயிற்று, ஐரோப்பிய வழக்கங்கள் தள்ளப்பட்டன, எபிரேய வழக்கங்கள் கொள்ளப்பட்டன. நன்றிகெட்டவர்கள் என்று மிஷனரிமார் சினந்தனர். அச்சொல் நீதியுடையதன்று. உதவியையும் இகழ்ச்சியையும் ஒரே கையால் நீட்டுபவன், பெறுபவனிடத்தில் நன்றியை எதிர்பார்த்தல் கூடாது. எனினும் சட்டாம்பிள்ளை வழியிலும் ஒரு குறை தோன்றுகின்றது. வெள்ளையர் கொணர்ந்தது என்பதாலேயே ஒன்றைத் தள்ளுவதும், அவர் கொணர்ந்தது என்பதாலேயே ஒன்றைக் கொள்ளுவதும் ஒரே குற்றத்தின் இரு முகங்கள். இரண்டிடத்தும் பொருள் நிறுக்கப்படவில்லை. கொடுத்தவன் முகமே நிறுக்கப்பட்டது.

நன்றி விலையாகிவிடுமோ என்று அஞ்சிக் கதவை அடைத்தவரும் உண்டு. 1876 முதல் 1878 வரை தென்னகத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டி அருகே நின்றவர் பல்லாயிரவர். திருநெல்வேலியில் அந்நாள்களில் கூட்டங்கூட்டமாக மக்கள் சபையில் சேர்ந்தனர். தெலுங்கு நாட்டு ஓங்கோலில் பணிபுரிந்த அமெரிக்க பாப்திஸ்து மிஷனரி ஜான் கிளஃப் பக்கிங்காம் கால்வாய் வெட்டும் பணியில் ஒரு பகுதியை ஒப்பந்தம் எடுத்து ஆயிரக்கணக்கானோருக்குக் கூலிவேலை தந்தார். அவர்கள் ஞானஸ்நானம் கேட்டபோது, பஞ்சம் தீரும்வரை எவருக்கும் கொடுப்பதில்லை என்று மறுத்துவிட்டார். உண்ட சோற்றுக்காக வருகிறவன் யார், உள்ளம் திரும்பி வருகிறவன் யார் என்பதைப் பட்டினி நாளில் பிரித்தறிய முடியாது என்பது அவர் கருத்து. உதவி நின்ற பிறகும் அவர்கள் வந்தனர். 1878 ஜூலை 3ஆம் நாள் குண்டலகம்மா ஆற்றில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றனர். எண்ணிக்கையையே பலரும் வியந்து எழுதினர்; அதற்கு முந்திய மறுப்பே வியக்கத்தக்கது.

கள்ளப்போதகம் என்று ஐயமின்றிச் சொல்லத்தக்க நிகழ்ச்சியும் அதே காலத்தது. அதன் முன்வரலாறு நல்ல இடத்திலிருந்தே தொடங்குகின்றது. 1810இல் பிறந்த அருளப்பன் இரேனியுஸ் ஐயரின் மாணாக்கர். மிஷன் சம்பளத்தை நாடாமல் கிறிஸ்தியான்பேட்டையில் பயிர்த்தொழில் செய்து ஊழியம் நடத்தியவர். 1860இல் அவரது சபையில் எழுந்த எழுப்புதல் திருநெல்வேலிச் சீமையெங்கும் பரவியது. அழுகையும் பாவ அறிக்கையும் அந்நிய பாஷையும் தீர்க்கதரிசனமும் அதில் இருந்தன. அருளப்பன் 1867இல் மறைந்தார். தமிழ்ப் பிரசங்கிமார் வழியே அவ்வனல் 1870களில் திருவிதாங்கூரிலும் பற்றியது.

அங்கே அதன் தலைவரானவர் யுஸ்துஸ் யோசேப்பு. தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, 1861இல் ஞானஸ்நானம் பெற்று, பின் குருவானவர். வித்துவான் குட்டி என மக்கள் அன்புடன் அழைத்தனர். அவ்வளவு இசைப் புலமை. 1875இல் அக்கூட்டத்தில் ஒரு தீர்க்கதரிசனம் எழுந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1881இல், ஆண்டவர் திரும்ப வருவார் என்பது அது. யுஸ்துஸ் யோசேப்பு அதனை ஏற்றார். தாய்ச்சபையை விட்டு விலகித் தனிச்சபை அமைத்தார். ஆறு வருடக் கட்சியார் என ஊரார் பெயரிட்டனர். 1881 வந்தது, சென்றது. கூட்டத்தில் பலர் பழைய சபைகளுக்குத் திரும்பினர். எஞ்சியோர் வருகை வேறு வகையில் நிறைவேறிற்று என விளக்கம் கூறி, யுயோமயம் என்னும் பெயரில் தொடர்ந்தனர்.

கல்வியும் பக்தியும் உடைய ஒருவர் எப்படி இதற்கு ஆளானார்? ஏமாற்றுக்காரர் என்று அவரை ஒதுக்கிவிடுவது எளிது, அதற்குச் சான்றில்லை. நன்றி பெற்றதை நோக்கும். நாள் குறிப்பது பெறாததை நோக்கும். எழுப்புதலில் பெற்றுக்கொண்ட ஆறுதலே போதும் என்று நின்றிருந்தால் ஆறு ஆண்டுக் கணக்குக்குத் தேவை எழுந்திராது. அதுவேயன்றி, அம்மனிதரால் நன்மை பெற்றோர் அவரது கணக்கையும் பாட்டையும் பிரித்து நிறுக்கத் துணியவில்லை. பன்னிருவர் போதனையின் ஏடு அவ்வெழுப்புதல் மூண்ட 1873இல்தான் கண்டெடுக்கப்பட்டது. அச்சானதோ குறித்த நாள் கடந்து இரண்டு ஆண்டுகள் கழித்து. வரலாறு சில வேளைகளில் இப்படித் தாமதித்து வருகின்றது.

கேரளச் சபையார் பின்னர் நடந்துகொண்ட முறை பாராட்டத்தக்கது. யுஸ்துஸ் யோசேப்பின் நாட்கணக்கை அவர்கள் தள்ளினர். அவர் இயற்றிய மலையாளக் கீர்த்தனைகளைத் தள்ளவில்லை. எந்தச் சபைகளை அவர் குறைகூறிப் பிரிந்தாரோ அச்சபைகளின் ஞானப்பாட்டு நூல்களில் அவை இன்றும் உள்ளன, ஞாயிறுதோறும் பாடப்படுகின்றன.

திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா இவ்விரு பண்பையும் ஒருங்கே கொண்டவர். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரிச் சங்கம் தோன்றக் காரணமாயிருந்தவர்களுள் அவர் முதன்மையானவர். வெளிநாட்டுப் பணமின்றித் திருநெல்வேலிக் கிறிஸ்தவர் காணிக்கையாலேயே தெலுங்கு நாட்டுக்கு ஊழியர் அனுப்பியது அச்சங்கம். பெற்ற நன்மையைக் கொடுத்தவனிடமே திருப்பிச் செலுத்தாமல் மூன்றாம் ஒருவருக்குக் கொடுப்பது என்பது நன்றியின் மிக நாகரிகமான வடிவம். 1910இல் எடின்பரோ மாநாட்டில் பேச எழுந்த அசரியா, மிஷனரிமாரின் தியாகத்தைத் தலைமுறை தலைமுறையாக இந்தியத் திருச்சபை நன்றியுடன் நினைக்கும் என்றார். உடைமையைக் கொடுத்தீர்கள், உடலையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள். எங்களுக்கு வேண்டுவது அன்பு, நண்பர்களைத் தாருங்கள் என்பது அவ்வுரையின் கருத்து. அவையில் பலர் முகம் சுளித்தனர் என்பர். இரண்டு ஆண்டுகளில் அவர் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் அத்தகுதி பெற்ற முதல் இந்தியர் அவரே.

இத்தனை மரபையும் ஏதோ ஒரு வகையில் சுமந்துகொண்டே தமிழ்க் கிறிஸ்தவர் மலாயாவுக்குக் கப்பலேறினர். தஞ்சையினரும் திருநெல்வேலியினரும் ஒரே லயத்தில் கலந்தனர். அவர்கள் வாழ்வில் நன்றி என்பதற்கு இன்னொரு பொருளும் சேர்ந்தது. கங்காணி தன் ஊருக்குச் சென்று, கடன் தீர்க்கவும் வழிச்செலவுக்கும் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தான். உறவின்முறையான், கைகொடுத்தவன், எனவே அவன் எழுதிய கணக்கை எதிர்த்துக் கேட்பது நன்றிகெட்ட செயலாகக் கருதப்பட்டது. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டு வழிச்செலவுச் சுமை குறைந்தது. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்தது. 1938இல் இந்திய அரசு ஆள்சேர்ப்பையே தடைசெய்தது. சட்டம் மாறிய வேகத்தில் மனம் மாறவில்லை. துரைக்கும் கங்காணிக்கும் தலைகுனிந்து பழகியவர், வெள்ளை உடை தரித்து வந்த போதகர்க்கும் அவ்வாறே தலைகுனிந்தனர்.

அண்மைப் பத்தாண்டுகளில் தோட்டப்புறத்திலும் நகரத்திலும் பரவிவரும் செழிப்புப் போதனையை இப்பின்னணியில் வைத்துப் பார்த்தால் அதன் இயல்பு விளங்கும். முதற்பலனாகிய கதிரையோ காயையோ ஆலயத்துக்குக் கொண்டுவரும் அறுப்பின் பண்டிகை தமிழ்ச் சபைகளில் பழகிய ஒன்று. அங்கே விளைவு முன்னது, காணிக்கை பின்னது. செழிப்புப் போதகர் இதனைத் தலைகீழாக்குகிறார். காணிக்கையை விதை என்கிறார். முதலில் கொடு, பிறகு விளையும் என்கிறார். பெயர் ஸ்தோத்திரக் காணிக்கைதான்; பொருளோ கங்காணியின் முன்பணம், அதுவும் கொடுக்கவேண்டியவன் கூலிக்காரன். விளையாவிடில் விசுவாசக் குறைவு என்று குற்றமும் அவன்மேலேயே விழுகின்றது. கம்போங் ராஜாவில் முட்டைக்கோசு பயிரிடும் உழவனுக்கு விதை எது, விளைவு எது என்று எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. மழை மிகுந்து பாத்தி சரிந்த பருவத்தில் காணிக்கை குறைந்ததற்காகக் கடவுள் அவனைக் கடிந்துகொண்டதாக வேதத்தில் எங்குமில்லை.

காய்ச்சல் தணிந்த குழந்தையின் பெற்றோர் செபித்தவரைப் போற்றுவதில் பிழையில்லை. தேநீரும் பாயும் அவருக்கு உரியவையே. மருந்து கொடுத்த உதவியாளர்க்கும், இரவெல்லாம் விழித்திருந்த அண்டைவீட்டு அக்காளுக்கும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கடவுளுக்கும் அந்நன்றியில் பங்குண்டு என்பதை அவர்கள் மறவாதிருந்தால், ஒரு மனிதரிடத்தில் அவர்கள் முழுக்கடனாளி ஆகமாட்டார்கள்.

பன்னிருவர் போதனையின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் முதற்பலனைப் பற்றி ஒரு விதி உள்ளது. ஆலையின் பலனிலும் களத்தின் பலனிலும் மாட்டிலும் ஆட்டிலும் முதலாவதை எடுத்து, சபையில் நிலைத்து வாழும் மெய்யான தீர்க்கதரிசிகளுக்குக் கொடுங்கள் என்கிறது நூல். குருவானவர் இல்லாத சிறு சபை என்ன செய்வது என்பதையும் அது விட்டுவிடவில்லை. தீர்க்கதரிசி எவரும் உங்களிடத்தில் இல்லையாயின், அதனை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று முடிகின்றது அவ்விதி.